கேத வீடு தேடிப் போன ஏழு நாள்

தென்காசியில் இறங்கியதும் அய்யா கேட்ட முதல் கேள்வி, இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது என்பதுதான். சாரல் தூறிக்கொண்டிருந்தது. ரோட்டோரக் கால்வாய் கரையைத் தொட்டு ஓடியது. எங்கள் ஊர் சாயல்குடிக்குக் கிழக்கே. அப்பாவை அங்கே அய்யா என்போம். பனையும் சீமைக்கருவேலமும் உப்புக்காற்றும்தான் அங்கே விளைச்சல். தண்ணீர் லாரி வருகிற நாளில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போகலாம், வாத்தியார் கேட்கமாட்டார். அந்த ஊர்க்காரர் இந்தக் கால்வாயைப் பார்த்து ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன். அய்யாவுக்கு வந்தது கோபம். யாரோ வேண்டுமென்றே கொட்டிவிட்டதுபோலக் கால்வாயைப் பார்த்து முனங்கிக்கொண்டே வந்தார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவளால் சொல்ல முடியாது. நான்கு மாதத்துக்கு முன்னால், கரி சுடுகிற கரிமூட்டத்துக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது விழுந்தாள். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். வலது கை பாதி திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். வாயைத் திறந்தால் மட்டும் ‘ந்தா’ என்ற ஒரே சத்தம். பசித்தாலும் ந்தா, குளிர்ந்தாலும் ந்தா. எது வேண்டும், எது வேண்டாம் என்று கண்ணைப் பார்த்து நாங்கள் ஊகிக்க வேண்டும். தப்பாக ஊகித்தால் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒன்று சொல்லி அனுப்பினார். இப்படிப் பேச்சுப் போனவர்கள் சிலருக்குப் பாட்டு மட்டும் வரும். பழகிய பாட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லச் சொல்லைத் திரும்பக் கொண்டுவரலாம். ஆனால் முதல் ஆறு மாதம் முக்கியம், அப்புறம் ரொம்பச் சிரமம். சென்னையில் நான் வேலை பார்க்கிற கம்பெனியில் உட்கார்ந்து இதைப் பற்றியே படித்தேன். ஒலியாலும் இசையாலும் உடம்பையும் மனதையும் சீராக்கும் ஒரு வார முகாம், ஐந்தருவிப் பக்கம் என்று ஓர் அறிவிப்பு கண்ணில் பட்டது. எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்தைப் படித்தவன் நான். அதனால் நான் படித்ததையெல்லாம் வீட்டில் நம்பியாக வேண்டும். கிளம்பிவிட்டோம்.

முகாமில் தங்க இடமில்லை. குத்துக்கல்வலசையில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதி கிடைத்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற போலீஸ் எஸ்.ஐ. அவர் பேசுவதில்லை, அவர் மனைவிதான் பேசினார். மகள் வளைகாப்புக்கு வந்து மேலே தங்கியிருக்கிறாள், சத்தம் கித்தம் இருக்கக் கூடாது என்று முதலிலேயே சொன்னார். அம்மாவைப் பார்த்துவிட்டு, இவங்களால சத்தம் வராது போலிருக்கு என்று அவரே சமாதானமும் ஆனார்.

அன்று சாயங்காலம் பஜாரில் புரோட்டாக் கடைக்குப் போனோம். சால்னாவில் ஊறப்போட்டுப் பிய்த்துக் கொடுத்ததை அம்மா இடது கையால் ஒழுங்காகச் சாப்பிட்டாள். கடைக்காரர் இலையைப் பார்த்துவிட்டு, புரோட்டாக் கல்லருகே நின்றவனிடம் சொன்னார்: “ஏலே, ஆச்சிக்கு இன்னொன்னு போடுலே, ருசிச்சுத் திங்காவ.” அம்மா சிரித்தாள். எங்கள் ஊரில் ஓட்டல்காரர்கள் வாடிக்கையாளர் இலையைப் பார்ப்பதில்லை, கல்லாவைத்தான் பார்ப்பார்கள். நல்ல ஊருக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் முகாம். பெரிய கூடம், தரையெல்லாம் பாய், சுவரில் எந்த நோய்க்கு எந்த ராகம் என்று ஒரு பட்டியல். இருபது இருபத்தைந்து பேர் இருந்தோம். பெரும்பாலும் பெங்களூர், சென்னை ஆட்கள். தூக்கமின்மை, மனஅழுத்தம், கழுத்துவலி. முகாம் தலைவர் வெள்ளை ஜிப்பா போட்டு வெண்கலக் கிண்ணங்களை வரிசையாக வைத்திருந்தார். மரக்கட்டையால் ஒவ்வொரு கிண்ணத்தின் விளிம்பையும் சுற்றச் சுற்ற அது ரீங்காரம் போட்டது. அந்த அதிர்வு உடம்பின் ஒவ்வோர் அணுவையும் திருத்தும் என்றார். எல்லோரும் கண்ணை மூடிப் படுத்தார்கள். அம்மாவும் படுத்தாள். பத்து நிமிடத்தில் அய்யா குறட்டை விட்டார். பக்கத்துப் பாய்க்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்.

மதியம் சாமைக் கஞ்சியும் உப்பில்லாத சுண்டலும். இந்தக் கஞ்சியைக் குடிக்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அய்யா கேட்டார். கஞ்சி மட்டுமே குடிக்கிற நிலை வந்துவிடக் கூடாதென்றுதான் இத்தனை வருடம் கரிமூட்டத்தில் கிடந்ததாகச் சொன்னார்.

அங்கே உருப்படியான ஒரே ஆள் தீபா. என் வயதுதான் இருக்கும். இசையை வைத்து நோயாளிகளைப் பழக்குவதைப் படித்துவிட்டு வந்தவள். கிண்ணத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாமல் சிரிப்பாள். அம்மாவைத் தனியே உட்கார வைத்து, தாலாட்டு பாடிப் பார்த்தாள். சினிமாப் பாட்டு, சாமி பாட்டு, நடவுப் பாட்டு எல்லாம் பாடிப் பார்த்தாள். அம்மா அவள் வாயையே பார்த்தாள், ந்தா என்றாள், கண் கலங்கினாள். தீபா என் பக்கம் திரும்பி, அம்மாவுக்கு ரொம்பப் பழகின பாட்டு எது, சின்ன வயதிலிருந்து வாயில் வருகிற பாட்டு எது என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும். அய்யாவுக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் எட்டு ஊரில் எழவு விழுந்தால் அம்மாவுக்கு ஆள் வரும். மாரில் அடித்துக்கொண்டு அவள் முதல் அடியை எடுத்தால்தான் மற்ற பெண்களுக்கு அழுகை கட்டும். கூலிக்குப் போகிறவள் அல்ல. ஆனால் அவள் வராத எழவு, எழவாக இருக்காது. காலேஜில் படிக்கும்போது என் நண்பன் ஒருவன் ஊருக்கு வந்து அதைப் பார்த்துவிட்டான். விடுதியில் ஒரு வருடம் என்னை அவன் கூப்பிட்ட பெயரை இங்கே எழுத விருப்பமில்லை.

“அவங்களுக்குப் பாடுற பழக்கம் இல்லை மேடம்” என்றேன்.

அய்யா என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முறைத்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அந்த ஒரு பொய்யால் இரண்டு நாள் போனது. ஆறு மாதத்தில் இரண்டு நாள் என்ன என்று வாசிக்கிறவர்களுக்குத் தோன்றலாம். எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது.

மூன்றாம் நாள் காலையில் ஐந்தருவிக்குப் போனால் வெள்ளம், குளிக்கத் தடை. கயிறு கட்டிப் போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். அருவி போட்ட சத்தத்தில் விசில் கேட்கவில்லை. கடைகளில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவிந்து கிடந்தன. மங்குஸ்தான் விற்ற பெண், பழத்தை உடைத்து அம்மா வாயில் ஊட்டியே விட்டாள். ஐந்து கிளையாக விழுகிற தண்ணீரை அம்மா வெகுநேரம் பார்த்தாள். அய்யா பார்க்கவில்லை. அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

சாயங்காலம் முகாம் முடிந்து முருகையா அண்ணாச்சியின் ஆட்டோவில் திரும்பினோம். முதல் நாளிலிருந்து அவர் வண்டிதான். குத்துக்கல்வலசைக்குத் திரும்புகிற இடத்தில் ரோட்டை மறித்துப் பந்தல். நாற்காலிகள், மேளம், நடுவில் கண்ணாடிப் பெட்டி. அண்ணாச்சி வண்டியை அணைத்துவிட்டு, கேத வீடு, கொஞ்சம் பொறுக்கணும் என்றார். நாங்கள் எழவு வீடு என்பதை இந்தப் பக்கம் கேத வீடு என்கிறார்கள்.

உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். பாட்டு கட்டவில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுத்தது. அம்மா ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். இடது கை மாருக்குப் போனது. ஒருமுறை அடித்தாள். பிறகு பாடினாள்.

ஆத்துத் தண்ணி அலையடிக்க
அக்கரையில் நீ கெடக்க
சேத்துத் தண்ணி காலிழுக்க
சேரும்வழி காங்கலையே

ஒரு சொல் குழறவில்லை. நான்கு மாதமாக ந்தா மட்டும் சொன்ன வாய். பந்தலில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்து, அந்த அடியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். அய்யா ஆட்டோவுக்குள்ளேயே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். செத்தது யார், ஆணா பெண்ணா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

தீபாவுக்கு போன் செய்து உண்மையைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த மெட்டை விடாதீர்கள் என்றாள். அதே மெட்டில் தண்ணி வேணும், சோறு வேணும் என்று அன்றாடச் சொல்லை வைத்துப் பாடுங்கள், அவர்களும் பாடட்டும், பிறகு மெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சொல்லை மட்டும் வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் போனில் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள், எந்தச் சொல் வருகிறது என்று பார்த்துப் பயிற்சி எழுதித் தருகிறேன் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் தொடங்கினோம். அம்மா இரண்டு அடி எடுத்திருப்பாள். வீட்டுக்கார அம்மா படியிறங்கி ஓடி வந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் பயந்திருந்தார். கும்பிட்டபடிதான் சொன்னார். “மாசமா இருக்க பிள்ள மேல படுத்திருக்கா தம்பி. குடியிருக்க வீட்டுல ஒப்பாரி வச்சா வெளங்குமா? உங்க வீடா இருந்தா நீங்க விடுவியளா?”

விடமாட்டோம். எங்கள் ஊரிலும் யாரும் விடமாட்டார்கள். அய்யா அம்மாவின் தோளைத் தொட்டார். அவள் நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் முகாமில் தீபா, வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு பலாமரத்தடியில் அம்மாவை உட்கார வைத்தாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே படுத்திருந்தவர்களுக்கு நெஞ்சு படபடக்கிறதாம். தலைவர் வந்தார். ஒப்பாரி எதிர்மறை அதிர்வு, இங்கே மூன்று நாளாக உண்டாக்கிய நல்ல அலையை அது கலைத்துவிடும் என்றார். என் தாயாருக்கு இதில்தான் பேச்சு வருகிறது என்றேன். அவர் கண்ணை மூடித் திறந்துவிட்டு, மோகனம் முயன்று பாருங்கள் என்றார். சுவர்ப் பட்டியலில் பக்கவாதத்துக்கு மோகனம் என்று போட்டிருந்தது. தீபா தலைகுனிந்து நின்றாள். அவளுக்கும் அது வேலை.

ஆட்டோவில் நான் அழுதேன் என்று நினைக்கிறேன். முருகையா அண்ணாச்சி கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். பிறகு சொன்னார்.

“பாடுத பாட்ட பாடுத எடத்துலதான் பாடணும் தம்பி. கேத வீட்டுக்கு அழுதுகிட்டு வாரவள, நீ யாருட்டின்னு எவளும் கேக்கமாட்டா. மேலகரத்துல இன்னைக்கு ஒண்ணு இருக்கு. போவமா?”

இப்படித்தான் நாங்கள் தென்காசியைச் சுற்றிப் பார்த்தோம். மற்றவர்கள் கோயில் கோபுரத்தையும் அருவிகளையும் பார்த்தார்கள். நான் சுவர்களில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளைப் பார்த்தேன். புதிதா பழையதா, மழையில் மை கரைந்திருக்கிறதா, எடுப்பது எத்தனை மணிக்கு.

மேலகரத்தில் ஒரு பெரியவர். வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்த ஆண்களின் கையை அய்யா ஒவ்வொன்றாகத் தொட்டார். யாரும் யாரென்று கேட்கவில்லை. உள்ளே பெண்கள் அம்மாவை அணைத்து இழுத்துக்கொண்டார்கள். அவள் முக்கால் மணி நேரம் பாடினாள். புதுப்புது அடிகள், அந்த வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்து, செத்தவரின் செருப்பைப் பார்த்து அங்கேயே கட்டியவை. வெளியே நாற்காலியில் நான் போனை மடியில் வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் காப்பி டம்ளரை என் கையில் கொடுத்து, தாத்தாவுக்கு நீங்க என்ன வேணும் என்று விசாரித்தார். தூரத்துச் சொந்தம் என்றேன். எல்லோருமே அப்படித்தான் என்று பெருமூச்சு விட்டார்.

திரும்பும்போது தீபா சொன்னபடி செய்தேன். எனக்குக் குரல் கிடையாது. இருந்தும் அந்த மெட்டில், தண்ணீ வேணுமா என்று இழுத்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். தண்ணி வேணுமே, தவிச்ச வாயிக்குத் தண்ணி வேணுமே என்று பாடினாள். அண்ணாச்சி வண்டியை ஓரங்கட்டிவிட்டார். “தண்ணிக்கு இப்பிடி அழுதா மேக்க இருக்க மலையே எறங்கி வந்துரும்” என்று சொல்லிக்கொண்டே பாட்டிலை நீட்டினார். எல்லோரும் சிரித்தோம். அம்மாவும்தான். நான்கு மாதத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் தண்ணீர்.

அடுத்த நாள் கடையம் பக்கத்து ஊர் ஒன்றில் கேதம் என்று தகவல். அண்ணாச்சிக்கு வேறு சவாரி இருந்ததால் பஸ்ஸில் போனோம். பாதி வழியில் டயர் பஞ்சர். மாற்று டயரும் காற்றில்லாமல் இருந்தது. பதினொரு மணிக்கு எடுத்துவிடுவார்கள். நான் கண்டக்டரிடம் கத்தினேன், சாவு வீட்டுக்குப் போகிறவர்களை இப்படி நிறுத்தலாமா என்று.

“யாரு தம்பி தவறிட்டாவ? அப்பாவா?” என்றார் அவர், உண்மையான அக்கறையோடு.

அய்யா என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். கண்டக்டரைப் பார்த்து, இன்னும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டார்கள். இருபக்கமும் பச்சை வயல், நடுவில் வெற்றுப் பந்தல், சிதறிய பூ. பெண்கள் குழாயடியில் தலை முழுகிக்கொண்டிருந்தார்கள். பிணத்தைத் தவறவிட்டோமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்படி ஓர் ஆத்திரம் மனிதனுக்கு வரலாமா என்பதெல்லாம் பிறகு யோசித்ததுதான். அம்மா யாரையும் பார்க்காமல் வாசலில் உட்கார்ந்து பாடத் தொடங்கினாள். ஈரத்தலையோடு பெண்கள் திரும்பி வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். புருஷனைப் பறிகொடுத்த பெண் அம்மாவின் முகத்தைப் பிடித்து, நீ யாருத்தா, எனக்காக இப்படி அழுத நீ யாரு என்று கேட்டாள். அம்மா அதே இழுப்பில், கா...ளி...யம்மா என்றாள். தன் பெயரை. நான் போனைக் கீழே போட்டுவிட்டேன்.

பதிவைக் கேட்டுவிட்டு தீபா போன் செய்தாள். ஒவ்வொரு நாளும் தவறாமல் பாடினால் போதும், இவங்க பேசிருவாங்க என்றாள். அவள் குரலே மாறியிருந்தது.

பிறகு இரண்டு நாள் ஒரு சாவும் இல்லை.

காலையில் எழுந்ததும் அண்ணாச்சிக்கு போன். ஏதாவது உண்டா? இல்லை. மதியம் மறுபடி. சுவரொட்டிகளெல்லாம் பழையவை. செங்கோட்டைப் பக்கம் விசாரியுங்கள், ஆஸ்பத்திரியில் யாராவது தெரிந்தவர்கள் உண்டா என்றேன். அவர் வண்டியை நிறுத்தினார்.

“தம்பி, நீங்க படிச்ச பிள்ள. ஊருல எவனாச்சும் சாவ மாட்டானான்னு விடிஞ்சதுலேருந்து கெடந்து தவிக்கீய. நானும் ரெண்டு வயசாளிய வீட்டுல வச்சிருக்கேன். இனி எங்கிட்ட கேக்காதீய.”

அவர் சொன்னது நியாயம். சிற்றாற்றுப் பாலத்துப் பக்கம் எங்களை இறக்கிவிட்டார். சாரல் வலுத்ததால் ஆற்றங்கரைச் சுடுகாட்டுக் கொட்டகையில் ஒதுங்கினோம். தகரக்கூரை, நடுவில் பிணத்தை இறக்கி வைக்கிற சிமெண்டு மேடை. மணி மூன்று இருக்கும். ஆள் நடமாட்டம் இல்லை. அய்யா கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டால் மேடையைத் தட்டிவிட்டு அதன்மேல் ஏறிக் கால் நீட்டிப் படுத்தார்.

“என்னைக்கா இருந்தாலும் எனக்கு அவதானப்பா பாடணும். இன்னைக்கே பாடட்டும். நீ பதிஞ்சுக்க.”

இறங்குங்கள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். கரிமூட்டத்தில் வெந்து கறுத்த அந்தக் கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு, பெண்டாட்டிக்குப் பேச்சு வரவேண்டும் என்று படுத்திருந்தார். அவரைப் பற்றி இதற்குமேல் நான் எழுதப்போவதை வாசிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் போனில் பதிவை ஓடவிட்டேன். அம்மா மேடையைச் சுற்றி வந்தாள். அவர் தலைமாட்டில் நின்றாள். மாரில் ஒருமுறை அடித்தாள்.

பள்ளிக்கொடச் சைக்கிளு
பாதையேறிப் போச்சுதம்மா
பாயில கெடந்த மக
பாத்துப்பாத்து ஓஞ்சாளே

மூத்தவன ஏத்திக்கிட்டு
முக்கு திரும்பிப் போனியளே
மூச்சுமுட்டிக் கெடந்தவள
முகம்பாக்க வரலியே

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். செல்வி. ஆறு வயதில் போனாள். நான் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதப் போன அன்று அவளுக்கு மூன்றாம் நாள் காய்ச்சல். வீட்டில் ஒரே சைக்கிள். ஆஸ்பத்திரியும் டவுனில், தேர்வு நடக்கிற பள்ளிக்கூடமும் டவுனில். பிள்ளையைக் கொண்டுபோகச் சொல்லி அம்மா கேட்டிருக்கிறாள். பரீட்சை முடியட்டும், வந்து கூட்டிப்போகிறேன் என்று அய்யா என்னை ஏற்றிக்கொண்டு போனார். நான் எழுதி முடிக்கும்வரை வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தார். நாங்கள் திரும்பியபோது, மெயின் ரோட்டை நோக்கித் தூக்கிக்கொண்டு நடந்த அம்மாவின் இடுப்பிலேயே அவள் போயிருந்தாள். சின்னப் பிள்ளைச் சாவுக்கு எங்களில் ஒப்பாரி வைக்கக் கூடாது. பனங்காட்டு ஓரத்தில் அன்றே புதைத்தோம். எட்டு ஊருக்கும் அழுதவளை, வாயை மூடு என்று பெரியவர்கள் உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாள் அடுத்த தேர்வு. அதற்கும் அய்யா என்னை ஏற்றிக்கொண்டு போனார். நானும் போனேன். நல்ல மார்க் வாங்கினேன்.

வீட்டில் இதைப் பற்றி ஒரு நாளும் பேச்சு வந்ததில்லை.

அம்மா பாடிக்கொண்டே போனாள். அவளுக்கு இப்போது அடிகளுக்குப் பஞ்சமில்லை. சைக்கிளின் பின்சீட்டில் நான் அணைத்துப் பிடித்திருந்த பரீட்சை அட்டையைப் பாடினாள். அன்று அய்யா போட்டிருந்த சட்டையின் நிறத்தைப் பாடினாள். வாசலில் நின்று, போகாதிய என்று தான் கத்தியதைப் பாடினாள். நான் திரும்பிப் பார்த்ததையும் பாடினாள். திரும்பிப் பார்த்தது எனக்கு நினைவில் இல்லை என்றுதான் இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு மெட்டு நின்றது. அவள் மாரில் அடிப்பதையும் நிறுத்தினாள். அய்யாவின் முகத்துக்கு நேரே குனிந்து, பாட்டாக இல்லாமல், சாதாரணமாகக் கேட்டாள்.

“ஒரு சொல்லு கேட்டியளா? ஒரு சொல்லு.”

தீபா சொன்னது இதைத்தான். மெட்டு விலகி, சொல் மட்டும் நிற்கும் என்று.

அய்யா எழுந்து உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போதும் என்றார். அம்மா மறுபடி மாரில் கை வைத்தாள். போதும் காளியம்மா என்று அய்யா துண்டை எடுத்து, அவள் வாயைத் துடைப்பதுபோலக் கொண்டுபோய்ப் பொத்தினார். அவள் இடது கையால் துண்டை இழுத்தாள். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். அவள் விழுந்துவிடாமல் இருக்கத்தான் பிடித்தேன் என்று பஸ்ஸில் அய்யாவிடம் சொன்னேன். அவர் கேட்கவேயில்லை, நானாகச் சொன்னேன்.

முகாமின் கடைசி நாள் பாக்கி இருந்தது. நாங்கள் போகவில்லை. காலையில் பையைக் கட்டினோம். வீட்டுக்கார அம்மா, மகளின் வளைகாப்புக்குச் செய்த சீடையை ஒரு பொட்டலம் கட்டித் தந்து, அம்மாவுக்குச் சரியாகிவிடும் என்று மனதாரச் சொன்னார். தீபா மூன்று தடவை போன் செய்தாள். நான்காவது தடவை எடுத்தேன். நேற்று பாடினார்களா, பதிவை அனுப்புங்கள், இன்றே பயிற்சி எழுதிவிடுகிறேன் என்றாள்.

பாடவில்லை மேடம் என்றேன். திடீரென்று நின்றுவிட்டது. இனி வராதுபோல.

சில பேருக்கு அப்படி ஆகும், மனதைத் தளரவிடாதீர்கள் என்றாள். நான் பேசுவதைக் கேட்டபடி அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அவளுக்குப் பேச்சு வந்ததால்தான் நாங்கள் ஊர் திரும்பினோம். இதை எங்கள் சொந்தக்காரர்கள் யாரிடமும் சொல்லவில்லை. குற்றாலத்தில் ஒன்றும் பலிக்கவில்லை, எல்லாம் ஏமாற்று என்றுதான் சொல்லியிருக்கிறோம். கிண்ணம் தட்டிய கதையைச் சொன்னால் எல்லோரும் சிரித்து நம்பிவிடுகிறார்கள். பதிவை நான் அழித்துவிட்டேன். ஆறு மாதம் போன மாதமே முடிந்துவிட்டது.

இப்போது ஊரில் எழவு விழுந்து மேளச் சத்தம் கேட்டால், அய்யா வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து முதலில் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்துகிறார். உள்ளே டிவியைச் சத்தமாக வைக்கிறார். சென்னையிலிருந்து நானும் போன் செய்து, சாத்தியாச்சா என்று கேட்டுக்கொள்கிறேன்.